ஓநாய் சொன்னது சரிதான்!

குளிர் என்றதும் நமக்கு ஊட்டி, மப்ளர், குரங்குக் குல்லா என்று வரிசையாக ஞாபகம் வரும். மரக்காணம் வராது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் பறக்கிற சனிக்கிழமை கோஷ்டிகள் (எதற்குப் பறக்கிறார்கள் என்பது இந்தப் பக்கத்துக்குச் சம்பந்தமில்லாதது) உப்பளத்தைப் பார்த்து 'அட!' போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். மார்கழியிலும் அங்கே தெர்மாமீட்டர் 20 டிகிரி பக்கம்தான் நிற்கும். உங்கள் ஆபீஸ் ஏ.சி. அதற்கு அண்ணன்!

ஆனால், அதே 20 டிகிரியில் ஆட்டுக்குட்டி விறைத்துச் செத்துப்போகும் சார்.

காரணம் குளிர் இல்லை, ஈரம். ஆட்டின் உடம்புச் சூடு 39 டிகிரி. காய்ந்த ரோமம் தனக்குள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுதான் அதன் ஸ்வெட்டர். நனைந்தால் ஸ்வெட்டர் காலி. தண்ணீர், காற்றைப்போல சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். மேலே வாடைக்காற்றும் அடித்தால் கேட்க வேண்டாம். 'ஆடு நனையுதே' என்று அழுத ஓநாயின் உள்நோக்கத்தில் எனக்கும் சந்தேகம் உண்டு. நோயைக் கண்டுபிடித்ததில் சந்தேகமே இல்லை.

நனைவதற்கு மரக்காணத்தில் வாய்ப்புக்குக் குறைச்சல் இல்லை. 2020 நவம்பரில் நிவர் புயல் அந்தப் பக்கமாகத்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் வந்து, நகராமல் நின்று கொட்டியதில், அதே விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர்!

இப்போது என் பி.காம். மூளைக்கு ஒரு வேலை. உப்பளத்துக்கு வெயில்தான் முதலாளி. அக்டோபரில் மழை பிடித்தால் பாத்தியெல்லாம் நல்ல தண்ணீர். உப்பும் கிடையாது, கூலியும் கிடையாது. அந்த மூன்று மாதத்துக்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்தது. 92 நாளால் வகுத்தால் நாளுக்கு 54 ரூபாய் சொச்சம். மீதிக்கு? கொட்டகையில் நிற்கிற நாலு ஆடும், கூடையில் அடைத்த கோழியும்தான் ஃபிக்ஸட் டெபாசிட். பாங்கில் வட்டி குட்டி போடும் என்பது பேச்சுக்கு. இங்கே டெபாசிட்டே குட்டி போடும். ஒரே சிக்கல், காசு தேவைப்படுகிற அதே மழை மாதத்தில்தான் அந்தக் குட்டி நனைந்து சாகவும் செய்யும்.

மரக்காணத்துக்காரனான என் நண்பன் கிண்டியில் வேலை பார்க்கிறான். போன வருஷம் ஊருக்கு ஹீட்டர் ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டான். அவன் அம்மா சிரித்துவிட்டார். "குளிரு ஒண்ணும் பண்ணாதுப்பா. ஈரந்தான் எமன். ஒரு தார்ப்பாய் வாங்கிக் குடு, போதும்."

அந்தத் தார்ப்பாயைக் கட்டுவதிலும் கணக்கு இருக்கிறது. வாடை வருகிற வடக்கும் கிழக்கும் ஆட்டின் தலைக்கு மேல் வரை மறைக்க வேண்டும். கூரையை ஒட்டி ஒரு சாண் திறந்தே இருக்க வேண்டும். பெட்டி மாதிரி மூடினால் மூத்திர வாடையின் அம்மோனியா உள்ளேயே சுற்றி, ஆட்டுக்கு நுரையீரல் கெடும். தரை ஈரமா? சவுக்குக் கழியில் பரண் போட்டு, குளம்பு மாட்டாமல் புழுக்கை மட்டும் கீழே விழுகிற இடைவெளி விட்டால் போதும். சாயங்காலம் காய்ந்த கடலைக்கொடி போட்டால், ராத்திரி முழுக்க வயிற்றுக்குள்ளே நொதித்துச் சூடு கிளம்பும். ஆட்டுக்கு ஹீட்டர் அதன் இரைப்பைதான். கரன்ட் பில் கிடையாது!

பிறந்த குட்டியை முதலில் துணியால் துவட்டி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். பிறகுதான் சாக்குப் போர்வை. போர்வை என்றதும் பேகன் ஞாபகம் வருகிறார். மயிலுக்குப் போர்வை தந்த அந்த வள்ளலைச் சொல்கிற சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்று ஓர் ஊர் வரும். அது மரக்காணம்தான் என்பார்கள் அறிஞர்கள். பேகன் மனசு தங்கம். ஆனால், போர்வை நனைந்த பிறகு அதை எடுத்துவிட யாராவது இருந்தார்களா? சாக்கு நனைந்தால் உடனே உருவிவிட வேண்டும். ஈரப் போர்வைக்கு வெற்றுடம்பே மேல்.

கோழிக்குஞ்சுக்குத் தெர்மாமீட்டரே வேண்டாம். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம் என்பது கணக்கு. குஞ்சுகளைப் பார்த்தாலே போதும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். ஓரத்துக்கு ஓடினால் சூடு. பரவலாகப் படுத்தால் சரி. கரன்ட் போனால் அடைக்கோழியின் இறக்கைதான் ஜெனரேட்டர்.

வீட்டு மனிதர்களுக்கும் இதே சட்டம்தான். உப்புப் பூத்த சுவரும் தரையும் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆட்டுக்குப் பரண் என்றால் ஆயாவுக்குக் கயிற்றுக் கட்டில். தணல் சட்டியை மட்டும் கதவைச் சாத்திய அறைக்குள் வைக்கவே கூடாது. கரிப்புகையின் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும்.

ஊரிலிருந்து வந்து மேன்ஷனில் குடியிருக்கும் நண்பர்களே! ஐப்பசி பிறந்ததும் அம்மாவுக்குப் போன் போடுங்கள். "சாப்ட்டியா?" என்று அவர் கேட்பதற்குள் முந்திக்கொண்டு, "கொட்டகைக்கு வடபக்கம் தார்ப்பாய் கட்டியாச்சா? ஆயா கட்டில்லதான படுக்குது?" என்று கேளுங்கள். இல்லை என்றால் மறுநாளே பணம் அனுப்புங்கள்.

ஆடு நனைகிறதென்று ஓநாய்கூட அழுதது. நாம் போனாவது பண்ண வேண்டாமா?