உழைக்கும் வாலிபரும் சட்டக் கலாசாலையும்

பகல் முழுதும் உத்தியோகம் பார்த்துவிட்டு, இரவில் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு சட்டக் கலாசாலைப் பிரவேசத்திற்குப் படிக்கும் வாலிபர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பாங்கிக் குமாஸ்தா, பள்ளிக்கூட உபாத்தியாயர், ரயில்வே ஊழியர், ஆலைத் தொழிலாளி என்று அவர்களில் பல தரத்தினர் உண்டு. எதைப் படிப்பது, எப்பொழுது படிப்பது, எங்கே சேர்வது என்று அவர்கள் நம்மைக் கேட்கிறார்கள். வக்கீல் தொழிலையும் பத்திரிகைத் தொழிலையும் ஒருங்கே அறிந்த நாம் இதற்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர்களே. ஆனால் விடை கூறப் புகுந்தால், படிக்கிறவனுக்குச் சொல்ல வேண்டியதைவிட, அவன் படிப்பை ஆளுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதே அதிகமாயிருக்கக் காண்கிறோம்.

முதலில் படிக்கிறவனுக்கு. பிரவேச முறை எங்கும் ஒன்றுபோல் இல்லை. தமிழ்நாட்டில் மூன்று வருஷச் சட்டப் பட்டத்திற்குப் பரீக்ஷை கிடையாது. முன்பு வாங்கிய பட்டத்தின் மார்க்குகளைக் கொண்டே தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வரிசைப் பட்டியல் தயாரிக்கிறது. ஆந்திரத்திலும் தெலுங்கானத்திலும் 'லாஸெட்' என்ற பரீக்ஷை நடக்கிறது. 90 நிமிஷத்தில் 120 கேள்விகள். கேள்வி ஒன்றுக்கு முக்கால் நிமிஷம். பெங்களூர்த் தேசியச் சட்டப் பள்ளி 2022-ல் ஆரம்பித்த மூன்று வருஷப் படிப்புக்குத் தனிப் பரீக்ஷை வைத்து, பாதி மார்க்கைச் சொந்த நடையில் எழுதும் விடைகளுக்கு ஒதுக்குகிறது. ஐந்து வருஷப் படிப்புக்குரிய 'கிளாட்' பரீக்ஷையோ 2 மணி நேரத்தில் 120 கேள்விகளைக் கேட்டு, தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மார்க்கைப் பிடித்துக்கொள்கிறது. இத்தனைக்கும் ஒருங்கே தயாராகலாம் என்று எண்ணுகிறவன் ஒன்றுக்கும் தயாராக மாட்டான். உத்தியோகத்தில் இருப்பவன் ஒரு பரீக்ஷையை, மிஞ்சிப் போனால் இரண்டை, தேர்ந்துகொண்டு மற்றவற்றை மறந்துவிட வேண்டும்.

வேலை முடிந்து களைத்து வந்த பின் நான்கு மணி நேரம் புஸ்தகத்தின்மேல் தூங்கி விழுவதைக் காட்டிலும், விடியுமுன் எழுந்து இரண்டு மணி நேரம் படிப்பது மேல். பழைய வினாத்தாள்களைக் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு எழுதிப் பார்ப்பதற்கு நிகரான பயிற்சி வேறில்லை. ஏனெனில் இப்பரீக்ஷைகளில் தோற்பவர் பலர் அறியாமையால் தோற்பதில்லை, நேரம் போதாமல் தோற்கிறார்கள். சட்டப் பிரிவுகளை உருப்போடுவதும் வீண் வேலை. கிளாட் பரீக்ஷையில் விதியைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டு, அதைச் சம்பவத்திற்குப் பொருத்திக் காட்டு என்றுதான் கேட்கிறார்கள். தினசரிப் பத்திரிகையை ஊன்றிப் படிக்க வேண்டும் என்றும் சொல்லுவோம். பத்திரிகைக்காரன் இப்படிச் சொல்வதில் சுயநலம் உண்டென்று வாசகர் நகைக்கலாம். ஆயினும் லாஸெட்டில் 120-க்கு 30 மார்க்கு நடப்புச் செய்திகளுக்கே என்பதையும் அவர் கவனிக்க வேண்டும். பயிற்சி வகுப்புகளுக்குப் பெருந்தொகை செலுத்துவது அவசியம் என்று நாம் கருதவில்லை. அப்பணம் பரீக்ஷைக்கு முந்திய மாதத்தில் சம்பளமில்லா லீவு எடுக்க உதவினால் பயன் அதிகம்.

மார்க்கு முறை நல்லதா, பரீக்ஷை முறை நல்லதா என்ற கேள்வி உழைப்பவனைப் பொறுத்தவரை சுலபமானதன்று. மார்க்கு முறை அவனைப் பயிற்சி வகுப்பின் செலவிலிருந்து காப்பாற்றுகிறது. ஆனால் முப்பத்தைந்து வயதில் விண்ணப்பம் போடுகிறவனை, இருபது வயதில் அவன் வாங்கிய மார்க்கைக் கொண்டு அது நிறுத்துப் பார்க்கிறது. நடுவில் அவன் கற்றது, உழைத்தது எதுவும் தராசில் ஏறுவதில்லை. பரீக்ஷையோ இன்றைய மனிதனைச் சோதிக்கிறது. ஆகையால் அதுவே நியாயத்திற்கு அருகிலுள்ளது என்பது நமது அபிப்பிராயம். எனினும் அது தாய்மொழியில் நடக்க வேண்டும். லாஸெட்டைத் தெலுங்கிலும், மகாராஷ்டிரத்துப் பரீக்ஷையை மராத்தியிலும் எழுத இடமிருக்க, தேசம் முழுமைக்கும் பொதுவென்று சொல்லப்படும் கிளாட் இன்றளவும் ஆங்கிலத்திலேயே நடந்து வருகிறது. தமிழ் வழியில் படித்துத் தொழிலுக்குப் போனவனுக்கு இது எத்தகைய 'பொது' என்பதை அதை நடத்துகிறவர்கள்தாம் விளக்க வேண்டும்.

இவ்வளவும் கடந்து ஒருவன் இடம் பெற்றுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகல்லவா விசித்திரம்! இந்திய பார் கவுன்ஸில் 2008-ல் இயற்றிய சட்டக் கல்வி விதிகளின்படி வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையிலேயே நடைபெற வேண்டும். வாரத்திற்கு 30 மணி நேரத்திற்குக் குறையலாகாது. ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 70 வகுப்புகளுக்கேனும் மாணாக்கன் வந்திருக்க வேண்டும். பத்து மணிக்கு ஆபீஸ் போய் ஆறு மணிக்குத் திரும்புகிற மனிதன் இந்த விதிக்குள் எங்கே நுழைவது? புஸ்தகசாலை மட்டும் இரவு 10 மணி வரை திறந்திருக்கலாமென்று அதே விதிகள் தாராளம் காட்டுகின்றன. புஸ்தகத்துக்காக எரியலாம் என்ற விளக்கு, போதிக்கும் ஆசிரியருக்காக எரியக்கூடாதாம்!

வயதைக் காட்டித் தடுக்கவும் ஒரு முயற்சி நடந்ததுண்டு. ஐந்து வருஷப் படிப்புக்கு 20 வயது, மூன்று வருஷப் படிப்புக்கு 30 வயது என்ற எல்லையைப் பார் கவுன்ஸில் 2016-ல் மீண்டும் விதித்தது. 2017-ல் ஸுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வைத்தது. ஆகவே வயது முதிர்ந்தவனும் பிரவேசப் பரீக்ஷை எழுதலாம். எழுதி என்ன பயன்? அழைப்பிதழைக் கொடுத்துவிட்டு, விருந்தை அவன் வரமுடியாத வேளையில் வைப்பது போலல்லவா இருக்கிறது!

சட்டம் முழு நேரப் படிப்பு, களைத்த மூளைக்கு ஏறாது என்று ஆக்ஷேபம் சொல்லுகிறார்கள். ஸர் டி. முத்துசாமி ஐயரை இவர்கள் மறந்தார்களா? 1832-ல் தஞ்சை ஜில்லாவில் வறிய குடும்பத்தில் பிறந்து, மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக வேலை தொடங்கியவர் அவர். சென்னையில் மாஜிஸ்திரேட்டாக உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்டப் பட்டம் பெற்றார். சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாகவும் விளங்கினார். இன்று அந்த ஹைகோர்ட்டுக்குள் அவருடைய சலவைக்கல் சிலை அமர்ந்திருக்கிறது. 2008-ம் வருஷ விதிகள் அவர் காலத்தில் இருந்திருக்குமாயின், உத்தியோகத்தை விடு, அல்லது பட்டத்தை விடு என்று அவரிடம் சொல்லியிருப்பார்கள்.

மாலைக் கலாசாலைகள் பல இடங்களில் தரம் குன்றிப் போனது உண்மைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் குற்றம் மாலை வேளையினுடையதா, மேற்பார்வை செய்யத் தவறியவர்களுடையதா? இப்பொழுதைய விதியின் விளைவையும் பாருங்கள். யோக்கியனான தொழிலாளி 70 சதவீத ஆஜர் என்பதைக் கண்டதும் பின்வாங்கிவிடுகிறான். யோக்கியமற்றவனோ, பணத்தைக் கட்டிவிட்டு வகுப்புக்கு வராமலே ஆஜர் போட்டுக்கொள்ளக்கூடிய கலாசாலை எங்கே இருக்கிறதென்று தேடிப் போகிறான். பட்டியலில் பகல் வகுப்பு. பெஞ்சிலோ ஆள் இல்லை. இத்தகைய வியாபாரம் நடப்பதை வக்கீல் உலகத்தில் அறியாதவர் யார்? பொய் ஆஜரைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டு, மெய்யான மாலை வகுப்பைத் தடை செய்வதால் தொழிலின் தரம் எவ்வாறு உயரும் என்பது நமக்கு விளங்கவில்லை.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறோம். மூன்று வருஷப் படிப்பில் ஆறு பருவங்கள். பருவம் ஒன்றுக்குக் குறைந்தது 15 வாரம். வாரத்திற்கு 30 மணி. ஆக 2,700 மணி நேரம். இதையே நான்கு வருஷத்தில், எட்டுப் பருவங்களில் பரப்பினால் வாரத்திற்கு 22½ மணிதான் வருகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6½ முதல் 9 வரை வகுப்பு. சனியும் ஞாயிறும் ஐந்தைந்து மணி. போதனையில் ஒரு நிமிஷமும் குறையவில்லை. பட்டம் ஒரு வருஷம் தாமதமாக வருகிறது, அவ்வளவே. இதில் நூதனம் எதுவுமில்லை. அமெரிக்காவில் உழைப்பாளிகளுக்கென்றே 1906-ல் பாஸ்டன் நகரத்தில் ஸஃபோக் சட்டப் பள்ளி இரவுப் பள்ளியாகத் தோன்றியது. இன்றும் அந்நாட்டில் பகுதி நேரமாகப் படிப்பவர் நான்கு வருஷத்தில் முடிக்கும் முறை பல கலாசாலைகளில் இருந்து வருகிறது. நம் தேசத்திலேயே டாக்டர் அம்பேத்கர் 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கலாசாலையைத் திறந்தபோது, வேலைக்குப் போகும் ஏழை மாணாக்கரை உத்தேசித்து வகுப்புகளைக் காலையில் அமைத்தார். அவர் பெயரைத் தாங்கிய கலாசாலைகளும் சட்டப் பல்கலைக்கழகமும் உள்ள நாட்டில் அவர் காட்டிய இந்த வழியையும் கையாளலாம்.

சன்னது பெறும் நாளில் அவன் சம்பள உத்தியோகத்தை விட்டுவிட வேண்டுமென்பது வேறு விஷயம். இரண்டு எஜமானர்களுக்கு வக்கீல் ஊழியம் செய்யக்கூடாது என்ற அந்த விதியை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் சன்னதுக்கு முன்னாலேயே அவனைப் பட்டினி போடுவானேன்? வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளும் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயையும், ஷெட்யூல்டு வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாயையும் தாண்டலாகாதென்று 2024 ஜூலை 30-ம் தேதி ஸுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பணத்தைக் கொண்டு கதவடைப்பது தவறு என்றால், கடிகாரத்தைக் கொண்டு கதவடைப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

சென்னைவாசிகளுக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்திருக்கிறது. ஹைகோர்ட்டை ஒட்டி நகரத்தின் மத்தியில் இருந்த பழைய சட்டக் கலாசாலை 2018-ல் பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்திற்கும் போய்விட்டது. ஜார்ஜ் டவுனில் வேலை பார்க்கிறவன் ஆபீஸ் விட்டதும் நடந்து போய்ச் சேரக்கூடிய இடம் இப்பொழுது இல்லை. ஆகையால் மாலை வகுப்பு வருமானால் அது நகரத்துக்குள்ளேயே வர வேண்டும்.

வேளையைப் பற்றிய விதி பார்லிமெண்டு இயற்றியதன்று. பார் கவுன்ஸில் தானே செய்துகொண்ட விதி. தானே மாற்றலாம். சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய மூன்று நகரங்களில் ஒவ்வொரு மாலைக் கலாசாலையை ஐந்து வருஷத்திற்குப் பரீட்சார்த்தமாக அனுமதித்து, முன்னறிவிப்பின்றிச் சோதனை செய்து, ஆஜர்ப் பட்டியலைப் பகிரங்கப்படுத்தட்டும். ராஜ்ய சர்க்கார் இதற்கு மனுச் செய்ய வேண்டும். வக்கீல் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அடுத்த வருஷப் பிரவேச அறிவிப்பு வெளிவருமுன் தீர்மானங்கள் நிறைவேற்றி அனுப்ப வேண்டும். அவற்றின் நகல்கள் நமக்குக் கிடைக்குமாயின், இப்பக்கத்திலேயே பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.