திருகு குழாயும் தளர்ந்த கையும்

கந்தளாய்க் குளத்து நீர் குழாய்வழியே திருகோணமலை இல்லங்களை அடைகின்றது. ஆயினும், மூட்டுவாதத்தால் விரல் மடங்காத முதியோர்க்கு அது கைக்கெட்டியும் வாய்க்கெட்டாததாகின்றது. உருண்டைப் பிடியை இறுகப் பற்றிப் பன்முறை திருகல் வேண்டும். நீண்ட பிடியுடைய குழாயையோ முழங்கையாலும் தள்ளித் திறக்கலாம். பிடி நான்கு மடங்கு நீண்டால், வேண்டும் விசை நான்கிலொரு பங்கே.

2006 ஆம் ஆண்டின் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களையும் பொதுவிடங்களையும் நோக்கியன. இல்லத்துக் குழாய் நம் பொறுப்பு. பூசைக்குமுன் கைகால் கழுவவும் பேரப்பிள்ளையை அழைத்துக் காத்து நிற்றல் பெரியோர்க்கு மனத்துயரன்றோ?

பழைய மாணவர்காள்! நமக்கு ஏடு தொடக்கிய கைகளும் இன்று தளர்ந்திருக்கும். வீட்டில் ஒரு குழாயையேனும் மாற்றுவோமாக. பிறர் துணையின்றி நீர் கொள்ளும் பெருமிதம் அவர்க்கு மீளும்.