தலையெழுத்து அன்று

சிறுமகளைப் புற்றுநோய் மருத்துவமனையில் சேர்த்திருக்கும் அன்பர் ஒருவர், ஆய்வு அறிக்கையைக் கையில் ஏந்தி அண்மையில் நம்மிடம் வந்தார். கடும் இரத்தப் புற்றுநோய் என்பது தலைப்பு, கீழே, 'சி.டி.10, சி.டி.19 உண்டு' என்றிருந்தது. "குழந்தை பிழைப்பாளா என்று இதில் எழுதியிருக்கிறதா?" என்றார். விடை கூற வேண்டியவர் மருத்துவரே. எனினும் அவ்வெழுத்துகளின் பொருளை நேயர்கள் அறிந்திருத்தல் நலமெனக் கருதுகிறோம்.

இரத்தத்தின் வெள்ளணுக்கள் தம் மேற்பரப்பில் சில புரதங்களைத் தாங்கியுள்ளன. அணுவின் குலத்தையும் முதிர்ச்சியையும் காட்டும் அடையாளங்கள் அவை. 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு விளைவிக்கும் வழியைக் கண்டனர். ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தை மட்டும் பற்றும். அணுக்களை ஒவ்வொன்றாய் லேசர் ஒளிமுன் செலுத்தினால் இனம் விளங்கும். 1982-இல் பாரிஸில் கூடிய அறிஞர்கள் இவற்றுக்கு சி.டி. எண்களை வகுத்தனர்.

இவற்றைக்கொண்டு பலன் கூறவும் முற்பட்டனர். நிணவணு வகை நோயில் சி.டி.10 உடைய குழந்தைகள் பெரும்பாலும் நன்கு தேறினர். ஓராண்டு நிரம்பாத சிசுக்களிடம் அது இல்லாமை, கொடிய மரபணுக் கோளாறு ஒன்றுடன் சேர்ந்தே பெரிதும் காணப்பட்டது. 'டி' அணு வகையோ ஒருகாலத்தில் தீக்குறி எனப்பட்டது. சிகிச்சை வலுப்பெற்றபின் அவ்வச்சம் வெகுவாகக் குறைந்தது. குறி மாறவில்லை, பலன் மாறியது! மேலும், அடையாளமே இன்று மருந்துக்கு இலக்காகிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் முயன்று உருவாக்கி, 2023-இல் அரசின் அனுமதி பெற்ற அணுச் சிகிச்சை, சி.டி.19-ஐக் கண்டே நோயணுவைத் தாக்குகிறது.

தொடக்க அறிக்கையினும் பெருஞ்சான்று, முதற்கட்டச் சிகிச்சையின் முடிவில் எஞ்சியிருக்கும் நோயணுக்களின் அளவாகும். பதினாயிரத்தில் ஒன்று எஞ்சினும் இவ்வடையாளங்கள் அதைக் காட்டிக்கொடுக்கும். மேற்கொண்டு எத்துணைக் கடுமையான மருந்து வேண்டும் என்பதை மருத்துவர் அதைக்கொண்டே பெரிதும் முடிவு செய்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதல் மாதத்திலேயே காய்ச்சல் தணியும், குழந்தை விளையாடும். 'குணமாயிற்று' என்று ஊருக்கு ரயிலேறத் தோன்றும். நிணவணு வகைக்குச் சிகிச்சை இரண்டாண்டுக்கு மேலும் நீளும். இடையில் விட்டால் நோய் மீள்வது பெரும்பாலும் உறுதி. பிறவூரில் வாடகையும் விடுப்பும் எவ்வளவு பெருஞ்சுமை என்பதை நாம் அறிவோம். ஆகவே, அத்தகைய குடும்பம் அண்டையில் இருப்பின், ஒருவேளைச் சோறும் ஒருநாள் துணையும் அளிப்பது நம் அனைவரின் கடன்.

அன்பருக்கு நாம் சொன்னதும் இதுவே: அணுவின்மேல் எழுதியிருப்பது தலையெழுத்து அன்று, மருத்துவர் செல்ல வேண்டிய வழியைக் காட்டும் கைகாட்டி.