காலில் தொடங்கும் வேகம்

கிரிக்கெட் ஆட்டத்தில் வேகப்பந்து வீச்சாளரின் கையையும் மணிக்கட்டையும் கண்டே பார்வையாளர் வியக்கின்றனர். வளரும் வீரர்களும் தோள்வலிமையைப் பெருக்குவதிலேயே நாட்டம் கொள்கின்றனர். பந்து கையிலிருந்து புறப்பட்டாலும் அதன் வேகம் காலில் தொடங்குகிறது. ஆகவே, அடிவைக்கும் முறையும் உடலின் நேர்நிலையும் சீர்ப்பட்ட பின்னரே வேகத்தை நாடுதல் வேண்டும்.

ஓடிவருதல் பந்துவீச்சின் ஓர் உறுப்பாகும். அது மெல்லத் தொடங்கி, படிப்படியாக விரைவுற்று, வீசும் இடத்தை அடையும்போது சமநிலை பெறவேண்டும். அடிகளின் எண்ணிக்கையும் நீளமும் மாறிக்கொண்டே இருந்தால் முன்கால் கோட்டைக் கடக்கும்; பந்து ‘நோபால்’ ஆகிவிடும். தேர்ந்த வீரர்கள் ஓட்டத்தை அளந்து, தொடங்குமிடத்தில் அடையாளம் இட்டுக்கொள்வது இதனாலேயே. கோட்டைப் பார்த்து ஓடுபவரின் தலை தாழும். தலை சாய்ந்தால் உடலும் சாயும். அடிகள் பழகிவிட்டாலோ கண் இலக்கைவிட்டு அகலாது.

பின்கால் ஊன்றும் கணத்தில் இடுப்பும் தோளும் ஒரே திசையை நோக்கவேண்டும். பக்கவாட்டில் திரும்பியும் வீசலாம், நேர்முகமாகவும் வீசலாம். இடுப்பு ஒருபுறமும் தோள் மறுபுறமும் நோக்கும் கலப்பு முறையே தீங்கானது. முன்கால் ஊன்றும்போது உடலெடையைப்போல் பன்மடங்கு விசை கால்வழியே மேலேறுகிறது. அவ்வேளையில் முதுகு முறுக்குண்டு வளைந்திருப்பின், அச்சுமை கீழ்முதுகெலும்பின்மீது விழுகிறது. எலும்பு முதிராப் பதின்பருவத்தினருக்கு அங்கு விரிசல் உண்டாகும் இடர் மிகுதி.

ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி 1973ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் ஆடியபோது கீழ்முதுகெலும்பு முறிவுகளால் முடங்கினார். நெடிய ஓய்வும் உடற்பயிற்சியும் மேற்கொண்டு, வீச்சு முறையையும் செப்பனிட்டுக்கொண்டு 1974இல் அவர் மீண்டார். 1984இல் ஓய்வு பெற்றபோது அவர் வீழ்த்தியிருந்த 355 டெஸ்ட் விக்கெட்டுகள் அன்றைய உலகச் சாதனையாகும். சென்னையில் 1987இல் தோன்றிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்து வீச்சுப் பயிற்சி மையத்தில், தாம் பட்டறிந்ததை இந்திய இளைஞர்களுக்கு அவர் பல்லாண்டுகள் கற்பித்தார்.

‘வழக்கத்திற்கு மாறாக வீசும் பும்ரா வெல்லவில்லையா?’ எனச் சிலர் வினவலாம். உண்மைதான், ஒரே அச்சில் வார்த்தாற்போல் அனைவரும் வீசவேண்டியதில்லை. எனினும், பும்ராவின் வெற்றி ஒரே முறையைப் பிசகாமல் மீண்டும் மீண்டும் செய்யும் திறத்தில் அமைந்தது. அவரும் 2019இலும் 2022இலும் முதுகுக் காயத்தால் களத்தைவிட்டு விலக நேர்ந்தது. காயத்திற்கு வீச்சு முறை ஒன்றே காரணமன்று. வீசும் பந்துகளின் எண்ணிக்கையும் ஓய்வின்மையும் காரணங்களாகும். தேர்ந்த மருத்துவரும் பயிற்சியாளரும் உடனிருக்கும் வீரருக்கே இந்நிலை என்றால், அவ்வசதியற்ற மாணவர் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

பயிற்சியை மெல்லத் தொடங்குவதே நன்று. முதலில் நடந்துவந்து வீசுதல், பின்னர்ச் சில அடிகள் ஓடி வீசுதல், இறுதியில் முழு ஓட்டம் என அது வளரவேண்டும். பயிற்சியாளர் பின்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் நோக்கி, கால்கள் இலக்கை நோக்கிச் செல்கின்றனவா, தலை நிமிர்ந்துள்ளதா எனக் காணவேண்டும். முதுகு வலிக்கிறது என்று கூறும் மாணவனைக் கோழை எனப் பழிக்காமல் உடனே ஓய்வளிக்க வேண்டும். பள்ளிக் களங்களில் விரைந்து வீசுபவனுக்குக் கிடைக்கும் கைதட்டல், சீராக அடிவைப்பவனுக்கும் கிடைக்கவேண்டும். அவ்வாறு பழகிய மாணவனே பதினாறு வயதில் பெற்ற வேகத்தை இருபத்தாறிலும் இழவாதிருப்பான்.