அகப்பக்கத்துக்கு ஆள் போடுங்கள்

சரித்திரப் புத்தகங்களில் மலேசியாவின் சுங்கை சிப்புட் தலைகாட்டுவது பெரும்பாலும் 1948 ஜூன் 16-ஐ வைத்துத்தான். அன்று எல்பில் தோட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் வெள்ளைக்கார நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அப்போதைய மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. ஆனால் அந்தத் தோட்டங்களின் லயத்து வாழ்க்கை, கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி வகுப்புப் படங்கள் எல்லாம் குடும்ப அலமாரிகளிலும் கைப்பேசிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றைத் திரட்டி அகப்பக்கம் போட நினைக்கும் முன்னாள் மாணவர் சங்கமோ ஆலய நிர்வாகமோ, ஆக மலிவான ஹோஸ்டிங்கைத் தேடி அலையாமல், பராமரிப்பும் சேர்ந்த மேனேஜ்டு ஹோஸ்டிங்குக்கே காசு கட்ட வேண்டும் என்பது என் கட்சி.

அகப்பக்கம் போடுவது நாலு நாள் வேலை. அதைக் காப்பாற்றுவதுதான் வருஷக்கணக்கில் இழுக்கும். வேர்ட்பிரஸில் போட்ட தளம் பிஎச்பி என்ற நிரல்மொழியை நம்பி ஓடுகிறது. பிஎச்பி 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுபோயின. இப்படிப் பழசாகிவிடும் பதிப்பைக் கவனித்து மாற்ற ஓர் ஆள் வேண்டும். நம் சங்கங்களில் அந்த ஆள் பெரும்பாலும் செயலாளரின் மகன். அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் பிளக்இன்கள் பழசாகும்; ஒருநாள் பொன்விழாப் படங்கள் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் வந்து உட்காரும். மேனேஜ்டு சேவையில் அப்டேட், பேக்கப், வைரஸ் சோதனை ஆகியவை பொதுவாக நிறுவனத்தின் தலைவலி. ஊகிக்க எளிதான பாஸ்வர்டை வைத்துவிட்டு அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது வேறு விஷயம்.

பேஸ்புக் சும்மா கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, பத்து வருஷத்துக்கு முந்தைய படம் ஒன்றை அதில் தேடி எடுத்துப் பார்த்தால் சங்கதி தெரியும். இலவச இடத்தை மூடும் நாளை நாம் தீர்மானிப்பதில்லை: 2009 அக்டோபரில் யாஹூ தன் இலவச அகப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸை மூடியபோது லட்சக்கணக்கான பக்கங்கள் போயின. காசு வாங்குகிற நிறுவனம் மட்டும் கவிழாதா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. 2021 மார்ச் 10-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பற்றியபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த சிலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே ஒப்பந்தம் போடுமுன் கேளுங்கள்: முழு பேக்கப்பை நாமே இறக்கிக்கொள்ளலாமா, தளத்தை மீட்டுத் தரத் தனிக் கட்டணமா, முதல் வருஷச் சலுகை முடிந்தால் எத்தனை ரிங்கிட்? மாதம் ஒருமுறை ஒரு பிரதியை ஹார்ட் டிஸ்கில் இறக்கிச் சங்க அலுவலகத்தில் வையுங்கள். டொமைன் சங்கத்தின் பெயரிலேயே இருக்கட்டும். அதைப் புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சலும் சிங்கப்பூரில் இருக்கும் பையனுக்குப் போகாமல் சங்கத்தின் முகவரிக்கே வரட்டும்.