சேவற்களத்துச் சீமான்கள்!

"அண்ணே, இந்த ஆட்டத்தைக் கண்டித்து ஒரு கட்டுரை தீட்டுங்கள்! நார் நாராகக் கிழியுங்கள்!"

கேட்டவன் சுவரெழுத்துத் தம்பி. கையிலே தூரிகை, சட்டையிலே நீலக் கறை, கண்ணிலே கோபம். எதிரே தேநீர்க் கடை. கடையிலே தொலைக்காட்சிப் பெட்டி. பெட்டியிலே கிரிக்கெட். பெட்டியைச் சுற்றி இருபது பேர். "நாலு!" என்றால் கடை குலுங்குகிறது. "ஆறு!" என்றால் கூரை பறக்கிறது. ஆற்றிய தேநீர் ஆறிப் போகிறது, அதைக் கேட்பாரில்லை.

தம்பியின் கோபம் காரணமற்ற கோபமல்ல. அவனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன் ஒரு தறித் தொழிலாளி. ஒரு மாதக் கூலி முழுவதையும் ஒரே இரவில் பந்தயத்தில் வைத்தான். போயிற்று. ஆடியவனுக்குக் கோடி, பார்த்தவனுக்குக் கடன்! ஊரிலே தாய் பணத்துக்குக் காத்திருக்கிறாள். இவனோ அறையிலே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

"எழுதமாட்டேன் தம்பி" என்றேன்.

திகைத்தான். எனக்கும் அந்த ஆட்டம் பிடிக்காது என்பது அவனுக்குத் தெரியும். ஐந்து நாள் ஆடிவிட்டு, "வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை" என்று கைகுலுக்கிக் கலைந்து போகிற கூத்தை நான் எத்தனையோ முறை கேலி செய்ததுண்டு. ஆனால் கண்டனக் கட்டுரை? அதைப் படித்துவிட்டு மட்டையைக் கீழே போட்டவன் உண்டா? பந்தயத்தை மறந்தவன் உண்டா? கடையிலே கூவிக்கொண்டிருக்கும் இருபது பேரும் நம்மவர்கள். பகலெல்லாம் முதுகொடிய உழைத்தவர்கள். "மடையர்களே!" என்று நான் எழுதினால் ஏட்டை மடித்து வடைக்குக் கீழே வைப்பார்கள். வைக்கட்டுமே, அதிலும் தவறில்லை!

"நீ ஓவியன். ஆகவே உனக்கு ஓர் ஓவியன் கதை சொல்கிறேன், கேள்" என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான், தோழர்களே, இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

இலண்டன் நகரத்து ஓவியன் அவன். பெயர் வில்லியம் ஹோகார்த். 1697-இல் பிறந்தான். பிறந்த இடமோ ஸ்மித்ஃபீல்டு மாட்டுச் சந்தையின் பக்கத்திலே. அடிபட்டு, மிதிபட்டு, அலறிக்கொண்டு போகும் கால்நடைகள்தாம் அவன் கண்ட முதற் காட்சிகள். தந்தை பள்ளி ஆசிரியர். இலத்தீன் மொழியிலே பேசி மகிழ ஒரு காப்பிக் கடை திறந்தார்! படித்தவர் வணிகம் செய்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. கடை மூழ்கியது, கடன் மிஞ்சியது. ஃபிளீட் என்னும் கடன்காரர் சிறைக்குப் போனார் தந்தை. அந்தச் சிறையின் நிழலிலே வளர்ந்தான் மகன். பின்னர் வெள்ளிப் பாத்திரங்களில் பிரபுக்களின் சின்னங்களைச் செதுக்கும் தொழிலுக்குப் பழக விடப்பட்டான். பிரபுக்களின் சின்னங்களைச் செதுக்கிய அதே கை, பிற்காலத்தில் பிரபுக்களையே செதுக்கிற்று.

அந்நாளைய இலண்டனின் பொழுதுபோக்கு எது தெரியுமா? கோழிக்கும் காளைக்கும் கரடிக்கும் சாவு, மனிதருக்குச் சிரிப்பு! காளையைக் கட்டிவைத்து நாய்களை ஏவிவிடுவார்கள். அது ஒரு விளையாட்டு. நோன்புக் காலம் தொடங்குமுன் வரும் செவ்வாய்க்கிழமையிலே, ஒரு சேவலைக் கயிற்றில் பிணைத்து, அது சாகும்வரை தடிகளை வீசி எறிவார்கள். அது ஒரு திருவிழா. கட்டிப் போட்ட கோழியை எதிர்த்து இத்தனை ஆண்மக்கள்! என்னே வீரம்! எட்டாம் ஹென்றி மன்னன் தன் வைட்ஹால் அரண்மனையிலேயே சேவற்களம் கட்டி வைத்தவன். மன்னன் ஆடினால் அதன் பெயர் கலை. மக்கள் ஆடினால் அதன் பெயர் களியாட்டம்.

ஹோகார்த்துக்கு இவை பிடிக்கவில்லை. வீட்டிலே நாய் வளர்த்தவன். 1745-இல் தன்னைத்தானே வரைந்தபோது அந்த நாயையும் பக்கத்திலே உட்காரவைத்து வரைந்தவன். தெருவிலே விலங்குகள் படும் பாடு, அதைச் சொல்லும்போதே நெஞ்சை வருத்துகிறது என்ற பொருள்பட எழுதி வைத்திருக்கிறான். அவன் ஊர்வலம் போகவில்லை, மன்றத்துக்கு மனுப் போடவில்லை. செப்புத் தகட்டையும் செதுக்கும் ஊசியையும் எடுத்தான்.

1751-இல் வந்தன நான்கு படங்கள்: 'கொடுமையின் நான்கு கட்டங்கள்'. முதற் படத்தைப் பார்த்தால் தெரு முழுவதும் சிறுவர்கள். எல்லோர் கையிலும் ஒரு விலங்கு. எல்லா விலங்கும் சித்திரவதையிலே. இரண்டு பூனைகளை வாலைப் பிணைத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு பறவையின் கண்ணைச் சுட்ட ஊசியால் பொசுக்குகிறார்கள். சேவலைக் குறிபார்த்துத் தடியை ஓங்குகிறார்கள். நடுவிலே டாம் நீரோ என்னும் பையன், ஒரு நாயை அம்பால் குத்திக்கொண்டிருக்கிறான். பெற்றோரில்லாத, தருமக் காசில் வளரும் பிள்ளை.

அந்தப் படத்தின் ஒரு பக்கத்திலே இன்னொரு பையன் இருக்கிறான். நம் சுவரெழுத்துத் தம்பி அவனை நன்றாகப் பார்க்கவேண்டும். அவன் எந்த விலங்கையும் துன்புறுத்தவில்லை. சுவரிலே படம் போடுகிறான்! தூக்கிலே தொங்கும் ஓர் உருவம். அதன் அடியிலே டாம் நீரோவின் பெயர். கண்டனம் இல்லை, கதறல் இல்லை. 'உன் முடிவு இதுதானடா' என்று சுவர் சொல்கிறது.

இரண்டாம் படத்திலே நீரோ வண்டிக்காரன். குதிரை விழுந்து கிடக்கிறது, அடிக்கிறான். மூன்றாம் படத்திலே கொலைகாரன். நான்காம் படத்திலே தூக்குக் கயிற்றிலிருந்து இறக்கிய அவன் உடலை மருத்துவர்கள் மேசையிலே போட்டு அறுக்கிறார்கள். கீழே விழுந்த அவன் இதயத்தை ஒரு நாய் தின்கிறது. முதற் படத்து நாய்க்குக் கடைசிப் படத்து நாய் கணக்குத் தீர்த்துவிட்டது!

படம் ஒன்றுக்கு விலை ஒரு ஷில்லிங். நல்ல தாளில் வேண்டுவோர்க்கு ஒன்றரை. ஏழை எளியவர் கையிலும் சேரட்டும் என்று இன்னும் மலிவாக மரக்கட்டையிலே செதுக்கி அச்சிட முயன்றான், இரண்டு கட்டைகள் முடிந்தன, எதிர்பார்த்ததற்கு மாறாகச் செலவு ஏறிற்று, முயற்சி நின்றது. ஒரு ஷில்லிங்கும் அந்நாளைய கூலிக்காரனுக்குச் சின்னக் காசு அல்லதான். வாங்க முடியாதவன் கடைச் சன்னலில் நின்று பார்த்தான்.

இங்கே எனக்கு ஹோகார்த்தோடு ஒரு வழக்கு உண்டு. இந்தப் படங்களை விளம்பரம் செய்தபோது, கீழ்த்தட்டு மக்களிடையே மலிந்த தீய பழக்கங்களைத் திருத்துவதற்காக என்று அறிவித்தான். கீழ்த்தட்டு மக்களாமே! ஏன், மேல்தட்டிலே கொடுமை இல்லையா? அங்கே குதிரையேறி நரியைத் துரத்துகிறவர்கள் நரிக்கு முத்தம் கொடுக்கவா துரத்துகிறார்கள்? திருத்தப்பட வேண்டியவன் எப்போதும் ஏழைதானா?

ஆனால் அவன் கை அவன் விளம்பரத்தை விட நேர்மையானது. அந்த இரண்டாம் படத்தை மறுபடி பாருங்கள். குதிரை ஏன் விழுந்தது? வண்டிக்குள்ளே நான்கு வழக்கறிஞர்கள்; நான்கும் பருத்த உடல்கள்; கூலியை மிச்சம் பிடிக்க ஒரே வண்டியில் திணித்துக்கொண்டு வந்தவர்கள்! சவுக்கு நீரோவின் கையில். பாரமோ யாருடைய பாரம்?

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1759. 'சேவற்களம்' என்று ஒரு படம் வெளியிட்டான். இப்போது நடுவிலே உட்கார்ந்திருப்பவன் அநாதைப் பையன் அல்லன், அசல் பிரபு! ஆல்பிமார்ல் பெர்ட்டி என்னும் சீமான். கண் பார்வை இல்லாதவர். ஆனாலும் நாள் தவறாமல் பந்தயம் கட்ட வருகிறவர். அவரைச் சுற்றி ஒரே நெரிசல். ஒருவன் பிரபுவின் பணத்தாளைத் திருடுகிறான். ஒருவன் முதுகிலே யாரோ தூக்குமரத்தைச் சுண்ணக்கட்டியால் வரைந்துவிட்டிருக்கிறார்கள். கனவான், கசாப்புக்காரன், புகைபோக்கி துடைப்பவன், முடிச்சவிழ்ப்பவன், எல்லோரும் ஒரே பலகையைச் சுற்றி! "பத்துப் பவுன்!" "இருபது பவுன்!" "விட்டேன் ஐம்பது!" படத்திலே ஓசை கிடையாது, ஆனால் காது அடைத்துப் போகிறது.

ஏசுநாதரின் கடைசி விருந்தை லியோனார்தோ தீட்டிய அமைப்பிலேயே இந்தக் கூட்டத்தை உட்காரவைத்திருக்கிறான் என்பார்கள் கலை அறிந்தோர். விருந்து மேசையின் இடத்திலே சேவற்களம்!

பிரபுவின் கண்ணைக் கேலி செய்தான் என்று சிலர் குறை கூறக்கூடும். நான் அப்படிக் கொள்ளவில்லை. கண் உள்ளவர்கள் எத்தனை பேர் அந்தப் படத்திலே! அவர்களிலே சேவலின் வலியைப் பார்க்கிறவர் எவர்? கையைப் பார்க்கிறார்கள், பையைப் பார்க்கிறார்கள், பந்தயத்தைப் பார்க்கிறார்கள். நம் ஊர்ச் சேவற்கட்டிலே காலில் கத்தி கட்டுவதைக் கண்டவர்களுக்குத் தெரியும். அங்கே கட்டியிருந்தது எஃகு முள். நடுவிலே இரண்டு உயிர்கள் அதைக் கொண்டு ஒன்றையொன்று கிழித்துக்கொண்டிருக்கின்றன.

அந்தக் களத்தின் தரையிலே ஒரு நிழல் விழுந்திருக்கிறது. யாருடைய நிழல்? பந்தயத்திலே தோற்று, கட்டவேண்டிய பணத்தைக் கட்ட முடியாதவனைக் கூடையிலே வைத்து மேலே தூக்கித் தொங்கவிடுவது அந்தக் களத்தின் வழக்கம். அவன் உருவம் படத்திலே இல்லை. நிழல் மட்டும். கூடையிலிருந்து கையை நீட்டித் தன் கடிகாரத்தைக் காட்டுகிறான், "இதையாவது எடுத்துக்கொண்டு விடுங்கள்!" என்பது போல. கீழே ஒருவர் கூட அண்ணாந்து பார்க்கவில்லை. தோழர்களே, தந்தையைக் கடன்காரர் சிறையிலே கண்ட பிள்ளை தீட்டிய நிழல் அது!

படம் வந்தது. களம் மூடியதா? இல்லை. மூன்று ஆண்டு கழித்து, 1762-இல், பாஸ்வெல் என்னும் எழுத்தாளன் வெஸ்ட்மின்ஸ்டரின் அரச சேவற்களத்துக்குப் போனான். சேவல்களுக்காக இரங்கினான். வேறு யார் முகத்திலாவது இரக்கம் உண்டா என்று சுற்றிப் பார்த்தான்; ஒரு முகத்திலும் காணவில்லை என்று தன் நாட்குறிப்பிலே எழுதினான். ஹோகார்த் 1764-இல் இறந்துபோனான்.

1800-இல் காளை வதையைத் தடுக்கும் மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்தது. எழுந்தார் விண்டாம் என்னும் அமைச்சர். பணக்காரனுக்கு வேட்டை இருக்கிறது. ஏழைக்கு இருக்கும் ஒரே கேளிக்கையைப் பறிக்கலாமா என்று உருகினார்! ஏழையின் கூலிக்காக உருகாத உள்ளங்கள் ஏழையின் கேளிக்கைக்காக உருகின. இரண்டே வாக்கிலே மசோதா தோற்றது. ஆனால் வேட்டையைப் பற்றிச் சொன்னாரே, அது பொய்யல்ல. 1835-இல் சட்டம் வந்தது. காளை வதையும் சேவற்சண்டையும் ஒழிந்தன. சீமான்கள் நாய்களைக் கொண்டு நரியைத் துரத்தும் வேட்டைக்கு இங்கிலாந்திலே சட்டம் வந்தது எப்போது? 2004-இல்! ஏழையின் காளைக்கும் பிரபுவின் நரிக்கும் நடுவே 169 ஆண்டுகள். இரண்டு படங்களுக்கு நடுவே எட்டே ஆண்டுகளில் ஓவியன் கடந்த தூரத்தைக் கடக்க, நாடாளுமன்றத்துக்கு அத்தனை காலம் பிடித்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, கையிலிருந்த புத்தகத்தைப் பிரித்து அந்தச் சேவற்களப் படத்தைத் தம்பியிடம் காட்டினேன். பிரபுவை அவன் அதிக நேரம் பார்க்கவில்லை. திருடனைக் கண்டு சிரித்தான். தூக்குமர முதுகைக் கண்டு மறுபடி சிரித்தான். தரையிலே கிடந்த நிழலுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அதன் மேல் விரலை வைத்தான்.

"அறையிலே படுத்திருக்கிறானே, அவன்தான் அண்ணே இது" என்றான்.

"சரி, நீ போடப்போகிற படத்திலே நடுவிலே யாரை உட்காரவைப்பாய்?" என்று கேட்டேன்.

விடை சொல்லவில்லை. கடையிலே "ஆறு!" என்று ஒரு முழக்கம். திரும்பிப் பார்த்தான். இந்த முறை ஆட்டக்காரனைப் பார்க்கவில்லை. ஆட்டத்துக்கு நடுவே ஓடும் விளம்பரங்களை, ஒன்று விடாமல், கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்துபோய்த் தூரிகையைக் கழுவத் தொடங்கினான்.