ஜன்னல் அளவு வானம் போதும்

ஆம்பூரில் பிரியாணிக் கடைக்கு வழி கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஷூ கம்பெனிக்கு வழி கேட்டால், எந்த கம்பெனி என்று திருப்பிக் கேட்பார்கள். காவலூருக்கு வழி கேட்டால்தான் பலரும் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். இத்தனைக்கும் அது ஆம்பூரிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். ஜவ்வாது மலையில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட தொலைநோக்கி அங்கே நிற்கிறது.

மலைக்கு மேலே அப்படியொரு கண். கீழே பாலாற்றுப் பள்ளத்தாக்கில், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் என்று நெருக்கமாக வீடுகள். நடுவில் விடிய விடிய வண்டி ஓடும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. தெரு முழுக்க எல்.இ.டி. விளக்கு, தொழிற்சாலை வாசலில் ஃபோகஸ் லைட். இந்த வெளிச்சத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, "சனி கிரகத்துக்கு வளையம் இருக்காமே, காட்டுப்பா" என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

வெளிநாட்டில் வசதியுள்ளவர்கள் தோட்டத்தை ஒட்டிக் கண்ணாடி அறை கட்டி, அதற்குள்ளிருந்து வானம் பார்ப்பார்கள். இங்கே இருப்பது கிரில் போட்ட பால்கனி, தகர ஷீட் போட்ட மாடி, பாதி மட்டுமே திறக்கும் ஸ்லைடிங் ஜன்னல். இவற்றிலிருந்தும் வானம் பார்க்கலாம். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விட்டுக்கொடுத்துத்தான் காவலூரே வந்தது

வைணு பாப்பு 1927-ல் சென்னையில் பிறந்தவர். அவருடைய அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். கல்லூரி மாணவராக இருந்தபோதே, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கவனித்துக் கட்டுரை எழுதியவர் பாப்பு. 1949-ல் அவர் கண்டுபிடித்த வால்மீனுக்கு அவர் பெயரும் சேர்த்து வைக்கப்பட்டது. 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்துக்குத் தலைவரானார்.

கொடைக்கானல் 2,300 மீட்டருக்கு மேல் உயரம். சூரியனைப் பார்க்கப் பேர் போன இடம். இரவு வானத்துக்கு அவர் வேறு இடம் தேடினார். உயரத்தை மட்டும் பார்த்திருந்தால் காவலூர் தேறியிருக்காது. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு 12.5 டிகிரி வடக்கில் இருப்பதால், வடக்கே துருவ நட்சத்திரம் முதல் தெற்கே வெகு ஆழம் வரை இங்கிருந்து பார்க்கலாம். சுற்றிலும் காடு, இருட்டு. மழை மாதங்களில் வேலை நடக்காது; ஜனவரி முதல் மே வரை நல்ல இரவுகள் கிடைக்கும். உயரத்தை விட்டுக்கொடுத்து, இருட்டையும் தென்வானத்தையும் வாங்கிக்கொண்டார் பாப்பு.

1960-களின் பிற்பகுதியில் அங்கே முதலில் போனது, கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கி. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அந்தத் தொலைநோக்கியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிரகம் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் சட்டென்று மங்கித் திரும்பியது அங்கே பதிவானது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது, அந்த இரவில் பல இடங்களில் எடுத்த இப்படிப்பட்ட பதிவுகளை வைத்துத்தான். 2.34 மீட்டர் தொலைநோக்கி முடிவதைப் பார்க்க பாப்பு இல்லை. 1982-ல் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வானாய்வகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்.

கண்ணாடி வேண்டாம், காற்றுப் போதும்

காவலூர் குவிமாடத்தில் வீட்டுக்காரர்கள் கற்றுக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது. தொலைநோக்கிக்கும் வானத்துக்கும் நடுவே அங்கே ஜன்னல் கண்ணாடி கிடையாது. இரவில் கூரையின் ஒரு பிளவு திறக்கும். அதன் வழியாக நேராக வானம். வீட்டிலும் அதே விதிதான். ஜன்னல் கண்ணாடி வெளிச்சம் வருவதற்காகச் செய்தது; தொலைநோக்கிக்குத் தேவைப்படும் அளவுக்குச் சமமாக இருக்காது. பைனாகுலரில் நிலாவைப் பார்க்கலாம், சமாளிக்கும். தொலைநோக்கியில் 50 மடங்கு பெரிதாக்கினால் நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் இழுபடும், சில நேரம் இரட்டையாகத் தெரியும். எனவே ஜன்னலைத் திறந்தே ஆகவேண்டும்.

கொசுவலையையும் நகர்த்த வேண்டும். வலை வழியாகப் பார்த்தால் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் கூட்டல் குறி மாதிரிக் கதிர்கள் முளைக்கும். கொசு கடிக்கும்தான். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாம், கைகால்களில் கொசு மருந்து தடவிக்கொள்ளலாம். சுருளை ஜன்னலுக்கு நேர் கீழே ஏற்றி, அந்தப் புகை வழியே வியாழனைத் தேடக் கூடாது.

கிரில் கம்பி அவ்வளவு கெடுதல் இல்லை. லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும் கம்பி கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கம்பியின் மேல் துண்டை மடித்துப் போட்டு பைனாகுலரை அதில் ஊன்றினால் கை நடுங்காது.

வேலூர் வெயிலோடு ஒரு ஒப்பந்தம்

வெளிச்சத்தைவிடப் பெரிய எதிரி இந்தப் பக்கத்தில் சூடுதான். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் மாடி, இரவு 10 மணி வரை அதை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சூடான காற்று மேலே ஏறும்போது, அடுப்புக்கு மேலே எதிர்ச்சுவர் நெளிவது போல நிலாவும் நெளியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தொலைநோக்கியும் இதை ஒன்றும் செய்ய முடியாது.

கோடையில் மாடியில் படுப்பதற்கு முன் தரையில் தண்ணீர் தெளிப்பது இங்கே பழைய வழக்கம். வானம் பார்ப்பவருக்கும் அது நல்லது. சாயங்காலமே தெளித்துவிட்டு, தரை ஆறிய பிறகு ஏறலாம். அறையிலிருந்து பார்ப்பவர்கள் ஒரு மணி நேரம் முன்பே ஏ.சி.யை அணைத்து, ஜன்னலையும் கதவையும் திறந்து, ஃபேனை ஓடவிட வேண்டும். உள்ளே இருக்கும் காற்றும் வெளியே இருக்கும் காற்றும் ஒரே சூட்டுக்கு வந்தால் பிம்பம் அடங்கும். பார்க்கும்போது ஃபேனை நிறுத்திவிடலாம். அதன் அதிர்வு ஸ்டாண்டுக்கு வரும். ஏ.சி. அறையிலிருந்த லென்ஸை நேராகப் புழுக்கத்துக்குக் கொண்டுபோனால் பனி பூத்துவிடும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே வைத்து ஆறவிட வேண்டும்.

இன்னொரு வழி, அதிகாலை 4 மணி. தரை ஆறியிருக்கும், போக்குவரத்து குறைந்திருக்கும். அப்போது தெரியும் வானம்தான் நான்கு மாதம் கழித்து இரவு 8 மணிக்குத் தெரியப்போகும் வானம். விடிவதற்குள் சமைத்து டிபன் பாக்ஸ் கட்டி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்கள் இந்த ஊர்களில் ஏராளம். அவர்கள் எப்படியும் விழித்திருக்கும் நேரம் அது. அடுப்பில் உலை கொதிப்பதற்குள் ஐந்து நிமிஷம் கிழக்கு வானம் பார்க்க முடியும்.

எந்த ஜன்னல், எந்த நட்சத்திரம்

கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்தால், அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. இதுதான் இலவச அளவுகோல். வடக்கு ஜன்னலில் அடிவானத்திலிருந்து ஒன்றேகால் முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரம். தெற்கு ஜன்னல் வைத்திருப்பவர் பாக்கியசாலி. பிப்ரவரியில் இரவு 9 மணி வாக்கில் இரண்டரை முஷ்டி உயரத்தில் அகத்திய நட்சத்திரம் பளிச்சென்று நிற்கும். மே மாத நடுவில் அதே நேரம், இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் கீழே தென்சிலுவை. லண்டனில் எவ்வளவு செலவழித்துக் கண்ணாடி அறை கட்டினாலும் இந்த இரண்டும் தெரியாது.

கிழக்கு ஜன்னலில் வீட்டில் உள்ளவர்களின் ஜாதக நட்சத்திரங்களைத் தேடலாம். நவம்பர் இரவு 9 மணிக்கு செம்மஞ்சளாக ரோகிணி. ஏப்ரலில் அதே நேரம் சித்திரை. மே கடைசியில் இரவு 10 மணிக்குத் தென்கிழக்கே சிவப்பாகக் கேட்டை. காலண்டரில் எத்தனையோ முறை படித்த பெயர் கண்ணெதிரே ஒரு புள்ளியாக மின்னும்போது, பாட்டியும் பேரனும் ஒரே ஜன்னலுக்குப் போட்டி போடுவார்கள்.

மேற்கு ஜன்னல் பிறைக்கு. ரம்ஜான் பிறைக்காகவும் மூன்றாம் பிறைக்காகவும் மாடி ஏறும் பழக்கம் இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கத்தை இன்னும் நாலைந்து நாள் நீட்டினால் போதும். நிலாவின் பள்ளங்களைப் பார்க்க பௌர்ணமி சரிப்படாது. நேர் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகத் தெரியும். வளர்பிறை சப்தமி, அஷ்டமிதான் சரியான நாள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் மலைகளின் நிழல் நீளமாக விழும். தினசரி காலண்டரே வழிகாட்டி.

விட வேண்டியதை விட்டுவிட வேண்டும். மங்கலான மேகமூட்டங்களும் தூரத்து கேலக்ஸிகளும் தெருவிளக்கு வெளிச்சத்தில் தெரியாது. நிலா, கிரகங்கள், பிரகாசமான நட்சத்திரங்கள், கார்த்திகைக் கூட்டம் போன்றவற்றுக்கு வெளிச்சம் பெரிய தடையில்லை.

எதை வாங்குவது

ஆசை பெரும்பாலும் முறிவது கடையில்தான். '500 மடங்கு' என்று அட்டையில் அச்சிட்ட குட்டித் தொலைநோக்கியை வாங்கி வந்து, ஆடும் ஸ்டாண்டில் வைத்து, ஒன்றும் தெரியாமல் பரணில் போட்ட வீடுகள் நிறைய. லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப் போல இரண்டு மடங்குதான் உருப்படியான பெருக்கத்தின் எல்லை. 70 மி.மீ. லென்ஸுக்கு 140 மடங்கு. சூடான மாடியில் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். இதை இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சனியின் வளையம் தெரிய 30 மடங்கே போதும்.

முதலில் வாங்க வேண்டியது 10x50 பைனாகுலர். கையை ஊன்றிப் பார்த்தால் வியாழனின் பக்கத்தில் நான்கு நிலாக்களும் புள்ளிகளாகத் தெரியும். கலிலியோ 1610-ல் கண்டவை அவை. ஒரு நோட்டில் தினமும் அந்தப் புள்ளிகளைக் குறித்து வந்தால், ஒரே வாரத்தில் அவை இடம் மாறி ஓடுவதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். ஆறு மாதம் கழித்தும் ஆர்வம் நின்றால் தொலைநோக்கி வாங்கலாம். குறுகிய பால்கனிக்குக் கண்ணாடியால் செய்ததைவிட லென்ஸால் செய்தது வசதி. அதில் பின்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதால், குழாயின் மூக்கு மட்டும் வெளியே இருக்கும். ஆள் அறைக்குள் நிற்கலாம். பக்கத்து விளக்கின் வெளிச்சம் லென்ஸில் விழுந்தால், தோல் ஊரில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு ரெக்ஸின் துண்டைச் சுருட்டிக் குழாயின் முனையில் மாட்டினால் போதும்.

விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று உண்டு. பைனாகுலரையோ தொலைநோக்கியையோ சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. ஒரு நொடியில் பார்வை போய்விடும். பகலில் கருவியைப் பூட்டிய அலமாரியில் வைப்பது பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நல்லது.

எதிர்வீட்டுக்கும் ஒரு பங்கு

நெருக்கமான தெருவில், விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலில் பைனாகுலரோடு நிற்பவரை எதிர்வீட்டார் என்ன நினைப்பார்கள்? இது சின்ன விஷயமில்லை. சண்டையில் முடியலாம். இருட்டிய பிறகு மாடிக்குப் போக அனுமதியில்லாத பெண் பிள்ளைக்கு அந்த ஜன்னல்தான் மொத்த வானமும். அதையும் "மூடு" என்று சொல்லிவிட்டால், அவளுக்கு வேறு வானம் கிடையாது. எனவே முதல் அஷ்டமி அன்றே எதிர்வீட்டாரைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டிவிட வேண்டும். ஒரு தடவை பார்த்தவர் சந்தேகப்பட மாட்டார். "இன்னிக்கு என்ன தெரியுது?" என்று அவரே கேட்பார்.

கேட்கும்போது, அவர் மாடி விளக்குக்கு மேலே ஒரு தகர மூடி போடச் சொல்லலாம். வெளிச்சம் தரைக்குப் போகும், வானத்துக்குப் போகாது. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். செல்போனை ஒருமுறை பார்த்தாலே பழகியது போய்விடும். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றிக்கொள்வது அதற்காகத்தான்.

வெளிச்சமும் மேகமும் வானியலாளர்களையும் விடவில்லை. காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம், லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்து, பெங்களூருக்குப் பக்கத்திலிருந்தே அதை இயக்குகிறது. அதற்காகக் காவலூரை மூடிவிடவில்லை. தென்வானமும் பக்கத்து மலையும் இன்னும் வேண்டியிருக்கின்றன.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் அங்கே உண்டு. நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. வீட்டு ஜன்னலில் நான்கு மாதம் வானம் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு அது வெறும் சுற்றுலாவாக இருக்காது. குவிமாடம் திறக்கும்போது, ஏன் அங்கே கண்ணாடி இல்லை என்று அது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்.